பிள்ளையாரை வலம் வந்த ஓட்டம்

எங்கள் உறவுக்காரர்கள் எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும் இந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். "ஜெயிக்கிறது பெருசில்ல, சாமிதான் பெருசுன்னு சுத்தின பொண்ணுப்பா இது" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார்கள். அவரும் சாம்பார் சாதத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பந்தியில் சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது பாதிக் கதை. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு, அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் எங்கள் வீடு. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அம்மா. செல்போன் என்பது பட்டுக்கடை முதலாளிகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற சாமானாக இருந்த காலம்.

அக்கா ஓடுவாள். சும்மா ஓடுவது இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் அவள் ஓடினால் வாட்ச்மேன்கூட நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்ப்பார். அதனால் என்ன? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் இருந்த எங்கள் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா, தன் மகனுக்கு இவள்தான் என்று அக்கா தொட்டிலில் கிடந்தபோதே சொல்லிவைத்துவிட்டாள். அப்பாவும் சரி என்றுவிட்டார். பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். அக்கா இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அத்தை வீட்டில் கலர் டிவி இருந்தது. எனக்கு அத்தை மேல் வேறு எந்தக் கருத்தும் இல்லை.

மாமாதான் அந்த நோட்டீசைக் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. பெங்களூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தீம் பார்க்கில் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓட்டத் திருவிழா என்று அதில் போட்டிருந்தது. சனிக்கிழமை முழுக்க விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை குடும்ப ஓட்டம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை விடாமல், இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். சென்னையில் ஒரு கல்லூரிக்காரர்களும் இதில் கூட்டு. முதலில் வருகிற குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருந்தால் மூன்று வருடப் படிப்பும் விடுதியும் இலவசம்.

மாமா அதைச் சத்தமாகப் படித்து முடித்தார். அக்கா சமையற்கட்டிலிருந்து வந்து நின்றாள். கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் வேலையத்தவன் வேல" என்றார் அப்பா.

"மாமா, ஒரே ஒரு சான்ஸ் குடு. ஜெயிச்சா படிக்கட்டும். தோத்தா நீ சொல்ற மாதிரி அத்த வூடு. நானே முன்னாடி நின்னு கல்யாணத்த நடத்துறேன்" என்றார் மாமா. அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா சிரித்தார். சென்னையிலிருந்து காரில் வருகிற ஜனங்களோடு ஓடி நாங்கள் எங்கே ஜெயிக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார். "சரி போ" என்றார்.

"அப்பிடி வாய்ல சொல்லாத. தறி மேல கை வெச்சு சொல்லு."

எங்கள் தெருவில் தறி மேல் கைவைத்துச் சொன்னதை மாற்ற முடியாது. அண்ணன் தம்பி பாகப் பிரிவினைகூட அப்படித்தான் முடியும். அப்பா மாமாவை முறைத்துவிட்டு, தறிக்கட்டை மேல் கையை வைத்துச் சொன்னார். அம்மா தன் தறியில் நூலோடு குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள். பிறகு நாடா மறுபடி ஓடியது.

மறுநாளிலிருந்து அக்கா எங்களைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. விடிந்ததும் தெருவின் நீளத்துக்குத் தறிக்கான நூல்பாவை விரித்துக் கட்டிவிடுவார்கள். அதற்குள் நாங்கள் ஓடி முடிக்க வேண்டும். கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர். மெதுவாக ஓடுகிற ஆள் முன்னால் போக வேண்டும், அப்போதுதான் கயிறு கைநழுவாது என்று அக்கா கணக்குப் போட்டு என்னை முன்னால் விட்டாள். நான் விழுந்தால் தூக்க அப்பா இரண்டாவது. அம்மா மூன்றாவது, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கடைசியில் அக்கா, யாரும் வேகம் குறையாமல் விரட்டிக்கொண்டு.

"இன்னாபா இது, குடும்பத்தோட எங்க ஓடுறீங்க? போலீசு தொரத்துதா?" என்று எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே கேட்பார்.

"தொரத்துறது பின்னாடி வர்றா பாரு, அவதான்" என்பார் அப்பா மூச்சு வாங்க.

அம்மா சிரிப்பாள். ஓடும்போது அம்மா சிரித்ததை அந்தப் பதினைந்து நாளில்தான் பார்த்தேன். அப்பாவும் நன்றாகத்தான் ஓடினார். நாள் முழுக்கத் தறி மிதிக்கிற கால். அக்கா சொன்ன வேகத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம். அதுதான் பிரச்சினை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை பார்க்குக்குப் போய் இறங்கியதும் நான் வாயைப் பிளந்தேன். ராட்சத ராட்டினம், தண்ணீரில் சறுக்குவது, கப்பல் மாதிரி ஆடுவது. எனக்கு எல்லாவற்றிலும் ஏற வேண்டும். அப்பா தனக்குத் தலை சுற்றும் என்று எதிலும் ஏறவில்லை, என்னையும் ஏற விடவில்லை. "நாளைக்கி ஓடுறதுக்கு கால் வேணும். கம்முனு இரு" என்று அக்காவும் சொல்லிவிட்டாள். எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு பஞ்சு மிட்டாய்.

சாயங்காலம் பார்க் ஆட்கள் எல்லாக் குடும்பங்களையும் நடத்திக்கொண்டுபோய் வழியைக் காட்டினார்கள். பார்க்கின் நடுவில் ஒரு பிள்ளையார் கோயில். சின்னக் கோயில்தான், சுற்றிலும் வட்டமாகச் சிமெண்டுப் பாதை. எந்தப் பக்கம் போனாலும் கோயிலுக்குப் பின்னால் ஒரே வழியில் சேரும். கோயிலுக்கு முன்னால் வந்ததும் வலதுகைப் பக்கம் திரும்பிப் போக வேண்டும். அம்புக்குறி போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். முதலில் ஓடுகிற ஆளின் புறங்கையில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்துவார். முத்திரை இல்லாமல் வருகிற குடும்பம் கணக்கில் இல்லை.

இதை நான் கேட்கவில்லை. ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டாள், அம்மா கேட்டாள். அப்பாவும் கேட்டார். "மேஜ இங்கயேதான் போடுவீங்களா, இல்ல அந்தாண்டயா?" என்று வழிகாட்டிய பார்க் பையனிடம் விசாரித்தவரே அப்பாதான்.

அன்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய கூடத்தில் பாய் கொடுத்தார்கள். அக்கா தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் முப்பது நாற்பது குடும்பம் நின்றது. எல்லார் காலிலும் வெள்ளை பூட்ஸ். நாங்கள் நான்கு பேரும் வெறுங்கால். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குண்டுப் பையன் தன் அம்மாவிடம் பசிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தான். மாமா எங்கள் துணிப்பையையும் செருப்புகளையும் தூக்கிக்கொண்டு முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டார்.

விசில் ஊதினார்கள்.

சென்னைக்காரர்கள் பாய்ந்து ஓடினார்கள். கொஞ்ச தூரத்தில் ஒவ்வொரு கயிறாகக் கைநழுவியது. ஒரு அப்பா முன்னால் ஓட, பிள்ளை கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு அம்மா நடுவழியில் கணவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் அக்கா சொன்ன வேகத்தில் போனோம். தண்ணீர்ச் சறுக்கல் தாண்டுவதற்குள் பாதிப் பேரைத் தாண்டினோம். ராட்டினத்துக்கு வருவதற்குள் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம்கூட இல்லை. அக்கா பின்னாலிருந்து "அப்டியே, அப்டியே, பாப்பா, அப்டியே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பின்னால் இருந்தவர்கள் சின்னதாகத் தெரிந்தார்கள்.

முன்னால் யாரும் இல்லாததுதான் வினையாகப் போனது. யாராவது ஓடியிருந்தால் அவர்கள் பின்னாலேயே போயிருப்பேன். எனக்கு எதிரே இருந்தது பிள்ளையார் மட்டும்தான்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்குக் கோயிலைச் சுற்றச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கப் பழகும்போதே பழகிவிடும். சாமி நம் வலதுகைப் பக்கம் இருக்க வேண்டும், அதனால் நாம் இடப்பக்கமாகப் போக ஆரம்பிக்க வேண்டும். மாற்றிச் சுற்றினால் முதுகில் ஓர் அடி விழும். "எழவு வூட்லதான்டி அப்பிடி சுத்துவாங்க" என்பார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் மூன்று பிள்ளையார், ஒரு மாரியம்மன். தினமும் சுற்றிவிட்டுத்தான் போவோம். என் கால் தானாக இடப்பக்கம் திரும்பியது.

ஆனால் அம்புக்குறியைப் பார்த்துவிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதிக் கதை சொல்கிற ஆளாகிவிடுவேன். பலகையைப் பார்த்தேன். கால் தயங்கியது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

"ரைட்டுல! ரைட்டுல போடி!" என்று அக்கா கத்தினாள். ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

அப்பா அம்புக்குறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போ" என்றார். "சாமியப் போயி இடமா சுத்துவாங்களா? போ."

நான் போனேன். என் கையில் கயிறு இறுகியது. பின்னாலிருந்து யாரோ பலமாக இழுத்தார்கள். அக்காவுக்குக் கால் வலிக்கிறது போல என்று நினைத்தேன். அப்பா முன்னால் இழுத்தார். நடுவில் அம்மா இரண்டு பக்கமும் இழுபட்டு "ஐயோ, ஐயோ" என்றாள். கயிற்றை விட்டால் ஆட்டத்தில் இல்லை. அக்காவால் விட முடியவில்லை. எங்களோடு வந்தாள்.

முடிவுக் கோட்டை நாங்கள்தான் முதலில் தொட்டோம். மேளம் அடித்தார்கள். மாமா செருப்புகளை வீசி எறிந்துவிட்டுக் குதித்தார். தொப்பி போட்ட ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். உடனே அவர் முகம் மாறியது. கையைப் புரட்டிப் பார்த்தார். இன்னொரு கையையும் பார்த்தார்.

"எங்கம்மா முத்திரை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா, "தோ, இப்ப போயி வெச்சுக்கினு வந்துர்றோம் சார், அஞ்சே நிமிசம் சார்" என்றாள். கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான் என்றார் அவர். அதற்குள் அந்தக் குண்டுப் பையனின் குடும்பம் வந்துவிட்டது. அவன் கோட்டைத் தொட்டதும் வாந்தி எடுத்தான். அவன் புறங்கையில் ஊதா மை இருந்தது. அவனுக்கு மாலை போட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அந்த வீட்டில் இல்லை. இலவசப் படிப்பு யாருக்கும் போகாமல் போயிற்று.

"நா ஒண்டியா ஓடிக் காட்டவா சார்?" என்று அக்கா கேட்டாள். "எத்தினி சுத்து வேணாலும் ஓடுறேன்."

"இது குடும்ப ஓட்டம்மா" என்றார் தொப்பிக்காரர். அவரும் பாவம், வேறு என்ன சொல்வார்?

அக்கா திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தாள்.

அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே இல்லை. எனக்கு வலி தெரியவில்லை. காது அடைத்துப்போய், மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. அழக்கூட வரவில்லை. அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். "பச்சப் புள்ளய ஏண்டி அடிக்கிற? சாமிய வலமா வந்துக்குது. அது ஒரு தப்பா?" என்றார். நாலு பேர் கேட்கிற மாதிரி சொன்னார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மைக் வைத்திருந்தவனுக்கு இது போதாதா? "காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த குட்டிப் பாப்பா, பரிசு வேணாம், பிள்ளையார் போதும்னு வலம் வந்துட்டாங்க!" என்று அறிவித்தான். கூட்டம் முழுக்கக் கைதட்டியது. எனக்கு ஒரு தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். கன்னத்தில் அக்காவின் விரல் பதிந்திருக்க, தொப்பியை மாட்டிக்கொண்டு நான் கும்பிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போதுதான் அம்மா, "யோவ்" என்றாள்.

அப்பாவைத்தான். வீட்டில் "இன்னாங்க" என்பதைத் தாண்டி அம்மா அப்பாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அத்தனை பேர் நடுவில், புடவை செருகியது செருகியபடி, மூச்சிரைக்க நின்று கூப்பிட்டாள். அக்காவின் அறையைவிட எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

"நீ போன்னு சொன்ன. எங் காதுல வுழுந்துது."

"பின்ன, புள்ளய நடு ரோட்ல நிக்கவா சொல்றது?" என்றார் அப்பா.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அக்காவும் போய் உட்கார்ந்தாள். மாமா வீசிய செருப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அப்பா பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அப்பா இதை முன்பே நினைத்து வைத்திருந்தாரா, அந்த நொடியில் தோன்றியதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சாமியைத்தான் சொல்லியிருப்பார். தறி மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. அக்கா கணவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். இதையெல்லாம் என்னிடம் சொல்லி வாயை அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அக்கா ஓடியதைப் பார்க்காதவர்கள் அவர்கள்.

அன்று மீதிப் பொழுது முழுக்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். தலை சுற்றும் என்ற மனுஷர் எல்லாவற்றிலும் ஏறினார். கப்பலில் இரண்டு தடவை. ஐஸ்கிரீம் இரண்டு. ராட்டினத்தின் உச்சியில் பெட்டி நின்றபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தோற்றுப்போன குடும்பத்தில் இவ்வளவு சந்தோஷமான ஆள் இவர் ஒருவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் கீழே பார்த்தேன். பெஞ்சில் மூன்று பேரும் வைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கையை ஆட்டினேன். யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை. உயரத்தில் இருப்பதால் தெரியவில்லை போல என்று தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்.

நாலு மணிக்கு பஸ் ஏறினோம். வாலாஜாபாத் வழியாகப் போகிற பஸ். அக்கா ஜன்னலோரம். எனக்கு அவள் மேல் கோபம் ஆறிவிட்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ராட்டினத்தின் உச்சியிலிருந்து என்னென்ன தெரிந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கன்னத்தை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள், என் கன்னத்தை.

ஐயம்பேட்டை வந்ததும் அப்பா எழுந்தார்.

"எறங்குங்க. எங்க அக்கா வூட்டாண்ட ஒரு வார்த்த சொல்ட்டுப் பூடலாம்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கேவா?" என்றாள்.

"சொன்ன சொல்லுன்னா சொன்ன சொல்லுதான். உந் தம்பியே சொல்லட்டும்."

"நா வரல மாமா" என்றார் மாமா.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "எறங்குறீங்களா, இல்லையாமா? சீக்கிரம்" என்றார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அத்தை வீட்டில் கலர் டிவியில் படம் ஆரம்பித்திருக்கும்.

"வாக்கா, படம் போய்டும்" என்றேன். அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நான்தான் இறங்கினேன்.